வளர்ப்பு இகுவானா எங்கே தூங்கும், எங்கே ஒளியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இகுவானா என்ற பெரிய பல்லி கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தால் அது நல்ல தூக்கமாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிலையில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். கீழே இருக்கும் பதில்கள் வீட்டில் வளரும் பச்சை இகுவானாவை மனதில் வைத்து எழுதியவை. பாறை இகுவானா, பாலைவன இகுவானா போன்றவை வளையிலும் பாறை இடுக்கிலும் அடைபவை. அவற்றின் கதை வேறு.

இகுவானா பகலில் விழித்திருக்குமா, இரவிலா?

பகலில்தான். சுவரில் ஓடும் பல்லி இரவில் வேட்டையாடுவதைப் பார்த்துவிட்டு, இதுவும் அப்படித்தான் என்று நினைத்து ராத்திரியில் தீனி வைப்பவர்கள் உண்டு. பச்சை இகுவானா மெக்சிகோவிலிருந்து தெற்கே பிரேசில், பராகுவே வரை, பெரும்பாலும் நீர்நிலை ஓரத்து மரங்களில் வாழும் பிராணி. விடிந்ததும் வெயில் விழும் கிளைக்கு வரும், உடம்பு சூடேறியதும் இலை மேயும், மறுபடி வெயில் காயும், இருட்டுவதற்குள் அடையும் கிளைக்குப் போய்விடும். வீட்டிலும் இதே ஒழுங்குதான்; சூரியனுக்குப் பதில் உங்கள் விளக்கு.

அதனால் தீனியைக் காலையிலேயே வைத்துவிடுங்கள். இலைதழையைச் செரிப்பது அதன் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள். அவை ஒழுங்காக வேலை செய்ய உடம்பு பல மணி நேரம் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். விளக்கு அணையும் நேரத்தில் வயிறு நிறையத் தின்றுவிட்டுக் குளிர்ந்துபோனால் செரிமானம் மந்தமாகிவிடும்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்கும்?

ஏறக்குறைய 12 மணி நேரம். அதன் சொந்த ஊர்களில் பெரும்பாலும் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமம். வீட்டில் 12 முதல் 14 மணி நேரம் வெளிச்சமும், மீதி நேரம் நல்ல இருட்டும் கொடுத்தால் போதும். இதைக் கையால் செய்யாதீர்கள். ஒரு டைமரை வாங்கி மாட்டிவிடுங்கள். நாம் ஒரு நாள் ஏழு மணிக்கு அணைப்போம், மறுநாள் பதினொன்றுக்கு அணைப்போம். இகுவானாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது.

விளக்கு அணைந்த பிறகும் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தால் அது இரவாகக் கணக்காகாது. கூடத்தில் கூண்டு வைத்திருப்பவர்களின் இகுவானா பகலில் தூங்கி வழிவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். இரவில் அறை இருட்டாகவில்லை என்றால் கூண்டின் மூன்று பக்கத்தைக் கனத்த துணியால் மறைக்கலாம். காற்று போய்வர ஒரு பக்கம் திறந்திருக்கட்டும், சூடாக இருக்கும் எதன் மேலும் துணி படக்கூடாது.

தலை உச்சியில் வெளிறிய ஒரு வட்டச் செதில் இருக்கிறதே, அது என்ன?

அதுதான் மூன்றாம் கண். இரண்டு கண்களுக்கும் சற்றுப் பின்னால், நடு உச்சியில், சுற்றியிருக்கும் செதில்களிலிருந்து தனித்து வெளிறித் தெரியும். அதற்குள் வில்லையும் விழித்திரையும்கூட உண்டு, ஆனால் உருவம் எதுவும் தெரியாது. வெளிச்சம், இருட்டு, மேலே கடந்துபோகும் நிழல் இவற்றை மட்டும் உணரும். மூளையில் பகல்–இரவுக் கணக்கை வைத்திருக்கும் கூம்புச் சுரப்பித் தொகுதியோடு அதற்குத் தொடர்பு உண்டு. கண்ணை மூடியிருந்தாலும் தலைக்கு மேல் விளக்கு எரிகிறதா என்பது அதற்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. காட்டில் மேலிருந்து வரும் நிழல் என்றால் பருந்து. தூங்கும் இகுவானாவை மேலிருந்து கையை இறக்கித் தொட்டால் அது துள்ளி விழுவதும், வாலால் சாட்டைபோல் வீசுவதும் அதனால்தான். பக்கவாட்டிலிருந்து, அதன் கண்ணில் படும்படி, மெதுவாகக் கையைக் கொண்டுபோக வேண்டும்.

இரவில் சிவப்பு பல்பு போட்டால் அதற்குத் தெரியாதாமே?

நன்றாகவே தெரியும். இகுவானாவின் நிறப்பார்வை கூர்மையானது. சிவப்பும் தெரியும், நமக்குத் தெரியாத புறஊதாவும் தெரியும். சிவப்பு, நீல "இரவு பல்பு" எல்லாம் பார்க்கும் நமக்கு அழகு, தூங்கும் அதற்குத் தொந்தரவு. இரவில் சூடு தேவைப்பட்டால் வெளிச்சமே வராத செராமிக் ஹீட்டர்தான் சரி. அதையும் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் இணைத்து, இகுவானாவின் உடம்பு படாதபடி கம்பிக்கூடு போட்டு மாட்டுங்கள்.

சூடாகும் செயற்கைப் பாறை என்று ஒன்று விற்பார்கள். வேண்டாம். சூடு மேலிருந்து வருவதுதான் இதற்குப் பழக்கம். அடியிலிருந்து ஒரே இடத்தில் சுடும்போது எழுந்து விலகத் தோன்றாமல் அதன் மேலேயே படுத்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்ளும். மறைவிடத்துக்குள் இதை வைப்பது இன்னும் மோசம்.

இரவில் எவ்வளவு சூடு இருக்கலாம்?

பகலில் வெயில் காயும் இடம் 35 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால், இரவில் தூங்கும் இடம் 23 முதல் 26 வரை இறங்கலாம், இறங்குவது நல்லதும்கூட. அறையே அந்த அளவில் இருந்தால் இரவு ஹீட்டரே தேவையில்லை. தெர்மோமீட்டரைக் கூண்டின் சுவரில் எங்கோ ஒட்டாமல், அது தூங்கும் கிளையின் உயரத்தில் வையுங்கள். தரைக்கும் உச்சிக்கும் நாலைந்து டிகிரி வித்தியாசம் சாதாரணமாக இருக்கும்.

காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு தொப்பென்று கிடக்கிறது. செத்துப்போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

நிம்மதியாகத் தூங்கும் இகுவானா அப்படித்தான் இருக்கும். கிளையின் மேல் வயிறு படியும், தாடை மரத்தில் சாய்ந்திருக்கும், முன்னங்கால்கள் இரண்டும் உடம்பை ஒட்டிப் பின்னால் மடங்கி உள்ளங்கை மேலே பார்க்கும், பின்னங்கால்கள் வாலோடு சேர்ந்து நீண்டு தொங்கும். எலும்பே இல்லாத பிராணி போலத் தெரியும். அருகில் போய் விலாவைப் பாருங்கள்: ஒரு முறை மெதுவாக உப்பி அடங்கும், அப்புறம் வெகுநேரம் ஒன்றும் நடக்காது, மறுபடி உப்பும். அந்த இடைவெளி நமக்குத்தான் நீளமாகத் தெரியும்.

எதிர்ப்பாடு இதுதான்: கால்களை உடம்புக்கு அடியில் மடக்கி, கிளையை நகத்தால் இறுகப் பற்றி, உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தால், அது தூங்கவில்லை. காத்திருக்கிறது.

கனவு காணுமா?

இகுவானாவைப் பற்றி இதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 2016-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தினர், தாடி டிராகன் எனப்படும் ஆஸ்திரேலியப் பல்லியின் தூக்கத்தில் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் மட்டுமே உரியது என்று நினைத்திருந்த ஆழ்ந்த தூக்கமும் கண் அசையும் தூக்கமும் அதிலும் மாறி மாறி வந்தன. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 80 வினாடிதான். மனிதருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே உங்கள் இகுவானாவின் மூடிய இமைக்குள் விழி லேசாக உருண்டால் பதற வேண்டாம்.

மறைவிடம் என்று ஒரு பெட்டி கட்டாயம் வைக்க வேண்டுமா?

மறைவு கட்டாயம். பெட்டி கட்டாயமில்லை. இந்த வித்தியாசம் புரிந்தால் மற்றது எல்லாம் தானாக வரும்.

கடைகளில் கிடைக்கும் பாதித் தேங்காய் ஓடு, பொந்து வடிவப் பாறை எல்லாம் தரையில் வாழும் பல்லிகளையும் பாம்புகளையும் நினைத்துச் செய்தவை. இகுவானாவின் மறைவு தரையில் இல்லை, மேலே இலைக்கூட்டத்துக்குள் இருக்கிறது. பயந்தால் மரத்தில் மேலே ஏறும், அல்லது கிளையிலிருந்து நேராகத் தண்ணீரில் குதிக்கும். கூண்டில் அப்படிக் குதிக்கும் அளவுக்குத் தண்ணீருக்கு வழியில்லை. ஆகவே உயரத்தையாவது கொடுக்க வேண்டும். நம் கண்மட்டத்துக்கு மேலே, அதன் உடம்பு அளவுக்குத் தடிமனான ஒரு கிளையோ அகலப் பலகையோ, அதன் முன்னால் இலைகள் தொங்கும்படி ஒரு திரை. இது போதும். இலைக்கு இடையில் அது நம்மைப் பார்க்க முடிய வேண்டும், நாம் அதை முழுதாகப் பார்க்க முடியக் கூடாது.

நிஜச் செடி வைத்தால் அது தின்றுவிடும் என்று வைத்துத் தேர்ந்தெடுங்கள். செம்பருத்தி வைத்தால் இலை, பூ இரண்டையும் மேய்ந்துவிடும். கெடுதல் இல்லை, செடிதான் பாவம். மணி பிளான்ட் போன்ற அரிப்பு தரும் கொடிகள் வேண்டாம். பிளாஸ்டிக் இலையைக் கடித்து விழுங்கும் குணம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

குட்டிகளுக்கு மட்டும் இதற்கு மேல் ஒரு மூடிய மறைவும் நல்லது. காட்டில் குட்டியைத் தின்ன எல்லாமே வரும்: பாம்பு, பறவை, பெரிய பல்லிகள். அதனால் குட்டிகள் கூட்டமாகச் செடிகொடிகளின் மெல்லிய கிளைகளில் அடையும். ஏதாவது ஏறி வந்தால் கிளை ஆடியதுமே குதித்துவிடலாம். வீட்டில் தனியாக வளரும் குட்டிக்கு அந்தக் கூட்டமும் இல்லை. ஒரு கார்க் மரப்பட்டைச் சுருளை மேல்தட்டில் படுக்க வைத்தால் நுழைந்துகொள்ளும். இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். ஒரே வழி உள்ள பொந்தில் கையை விட்டால் அதற்குக் கடிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மறைவு சொகுசாகி, பகல் முழுக்க அது உள்ளேயே கிடந்தால் புறஊதா வெளிச்சம் உடம்பில் படாது. புறஊதா பி கதிர் படாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் தின்னும் கால்சியம் எலும்பில் சேராது. தாடை மெத்தென்றாகி, கால் வீங்கி, கடைசியில் ஏறவே முடியாமல் போகும். அதனால் மறைவிடத்தை வெயில் காயும் இடத்துக்குப் பக்கத்திலேயே, இரண்டு அடி எடுத்து வைத்தால் விளக்குக்கு அடியில் வந்துவிடும்படி அமையுங்கள். பயந்த பிராணி கூண்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் திறந்த வெளியில் நடந்து போகாது.

வாங்கி வந்த நாளிலிருந்து ஒளிந்தே இருக்கிறது. தின்னவும் இல்லை.

புது இடம், புது வாசனை, இமைக்காமல் பார்க்கும் பெரிய முகங்கள். சில நாள் ஒளிவதும், அந்த நாட்களில் சரியாகத் தின்னாததும் எதிர்பார்க்க வேண்டியவைதான். சிலது இரண்டு மூன்று வாரம்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாததுதான் அதிகம்.

எடுத்துக் கொஞ்ச வேண்டாம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட வேண்டாம். காலையில் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சிலது நாம் அறையில் இருக்கும்வரை வாயே திறக்காது. அறையை விட்டுப் போன பிறகு தட்டில் இலை குறைந்திருக்கும். எச்சம் விழுகிறதா என்று பாருங்கள். எச்சம் இருந்தால் தின்கிறது என்று பொருள், அதுவே பெரிய ஆறுதல். எச்சத்தோடு வரும் வெள்ளைக் கட்டி சிறுநீர்க் கழிவு, பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் வாரத்திலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள், சத்தமாகவே படியுங்கள். உங்கள் குரலால் தனக்கு ஆபத்து இல்லை என்று அதுவாகத் தெரிந்துகொள்ளட்டும். கூண்டு நடமாட்டம் அதிகமுள்ள நடையில் தரையோடு இருந்தால் எத்தனை மாதமானாலும் பழகாது. மேசை உயரத்துக்காவது தூக்கி வையுங்கள். நாயோ பூனையோ வந்து மூச்சு விட்டுப் பார்க்கும் வீட்டில் அதை நிறுத்தாமல் வேறு எதைச் செய்தும் பலனில்லை.

ஒரு வாரம் முழுக்க எதுவுமே தின்னவில்லை, கண் குழிந்திருக்கிறது, வால் அடிப்பகுதியில் எலும்பு துருத்துகிறது என்றால் அது கூச்சம் அல்ல. ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தடவிக் கொடுத்தால் கண்ணை மூடுகிறது. சுகமாகத் தூங்குகிறதா?

அப்படி நினைக்கத்தான் ஆசையாக இருக்கும். பல நேரம் அது "நீ போய்விடு" என்பதன் இகுவானா வடிவம். தப்பிக்க வழியில்லாதபோது கண்ணை மூடிக்கொண்டு, எதுவும் நடக்கவில்லை என்று இருந்துவிடும். உங்கள் பக்கம் இருக்கும் கண்ணை மட்டும் மூடி, அந்தப் பக்கக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். உடம்பு தளர்ந்து, தலையைக் கைக்குள் தானாகச் சாய்த்தால் மட்டும் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பகலிலும் தூங்குகிறது. எப்போது கவலைப்பட வேண்டும்?

மதியம் வெயில் காய்ந்துகொண்டே கண் அயர்வது சகஜம். வயிறு நிறைந்த பிராணி வேறென்ன செய்யும்? வெயில் காயும் இடத்தில் தூங்குகிறதா, அதைவிட்டு விலகிக் குளிர்ந்த மூலையில் தூங்குகிறதா என்பதுதான் கேள்வி.

விளக்கை விட்டு விலகிக் கிடந்தால் முதலில் அங்கே எவ்வளவு சூடு என்று அளந்து பாருங்கள். 40-ஐத் தாண்டியிருந்தால் அது தூக்கம் இல்லை, வெக்கைக்கு ஒதுங்கியிருக்கிறது. சூடு சரி, புறஊதா டியூபின் வயது என்ன? வெளிச்சம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் புறஊதா மாதக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். தயாரிப்பாளர் சொல்லும் கெடுவுக்குள், 6 முதல் 12 மாதத்துக்குள், மாற்ற வேண்டும். மாறாக, சில வகை பல்புகளை மிக அருகில் மாட்டினால் கண் கூசும். விளக்கு எரியும்வரை கண்ணை மூடியே வைத்திருந்து, அணைத்ததும் திறந்தால் அதுதான் காரணம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பகலெல்லாம் தரையில் கிடக்கிறது, ஏற முயன்று முடியாமல் இறங்குகிறது, விரல்கள் துடிக்கின்றன, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, நிறம் பகல் முழுக்கக் கறுத்தே இருக்கிறது என்றால் தாமதிக்காதீர்கள். காலையில் மட்டும் கறுத்திருப்பது வேறு. சூட்டை இழுக்கத் தோலைக் கறுப்பாக்கிக்கொள்ளும், சூடேறியதும் வெளுத்துவிடும். மரத்தில் வாழும் பிராணி தானாகத் தரைக்கு வந்து மறைவது நல்ல அறிகுறி அல்ல.

காலையில் மூக்கைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இரவில் சளி பிடித்ததா?

உப்பு. அதிகப்படியான உப்பை மூக்குச் சுரப்பி வழியாகத் தும்மித் தள்ளும். படுக்கும் இடத்துக்கு எதிர்க் கண்ணாடியிலும் அந்தப் புள்ளிகள் இருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் போகும். நூல்போல் ஒழுகும் சளியும் வாய் ஓரத்தில் நுரையும் வந்தால்தான் மருத்துவர்.

தினமும் ஒரே இடத்தில்தான் தூங்குகிறது. திடீரென்று இடத்தை மாற்றினால்?

ஒரே இடம் என்பது நல்லது. அந்த இடத்தை நம்புகிறது. விளக்கு அணைவதற்கு அரை மணி முன்பே அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும் இகுவானாக்கள் உண்டு, டைமரைவிட அவற்றுக்கு நேரம் தெரியும். சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் கிளையை மட்டும் இடம் மாற்றாதீர்கள்.

அதுவாகவே மாற்றிக்கொண்டால் காரணம் தேடுங்கள். புதிதாக ஒரு கண்ணாடி மாட்டியிருப்பீர்கள், அதில் தன் உருவத்தைப் பார்த்து வேறொரு ஆண் வந்துவிட்டான் என்று நினைத்திருக்கும். கிளை ஆடத் தொடங்கியிருக்கும். இரவில் ஏசி காற்று நேராக அடிக்கும். தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே இரவெல்லாம் கிடந்தால் கூண்டு வெக்கையாகவோ மிகவும் வறண்டோ இருக்கலாம். காற்றில் ஈரப்பதம் 70 சதவீத அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். தோல் உரிக்கும் நாட்களில் மட்டும் தண்ணீரில் கிடப்பதும் உண்டு.

இரண்டு இகுவானா ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்குகின்றன. பாசமா?

குட்டிகள் என்றால் அடையும் பழக்கம். வளர்ந்தவை என்றால் பெரும்பாலும் இடப்போட்டி. மேலே இருப்பது சூட்டையும் புறஊதாவையும் எடுத்துக்கொள்கிறது, கீழே இருப்பதற்கு மிச்சம்தான். கீழே இருப்பது மெலிந்து, ஒளிந்து, தட்டுக்கு இரண்டாவதாக வந்தால் உடனே பிரித்து வையுங்கள். இரண்டு ஆண்களைச் சேர்த்து வைப்பதே தவறு.

கூண்டில் இல்லாமல் வீட்டில் சுதந்திரமாக உலவ விட்டிருக்கிறோம். எங்கே ஒளியும்?

இரண்டு விதி: உயரம், அல்லது சூடு. திரைச்சீலைக் கம்பி, பீரோவின் மேல், புத்தக அலமாரியின் உச்சி, ஜன்னல் மேல் பலகை இவை உயரம். ஃபிரிட்ஜின் பின்புறம், டிவி பெட்டியின் மேல், கணினியின் பின்னால், தண்ணீர் ஹீட்டர் பக்கம் இவை சூடு. முதல் வகையில் பெரிய ஆபத்து இல்லை; வளர்ந்த ஆண் வாலோடு ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும், திரைச்சீலைக் கம்பியைத்தான் சுவரில் உறுதியாக அடிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வகைதான் வில்லங்கம். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒயர், தூசி, சுடும் பகுதிகள் எல்லாம் இருக்கும், உள்ளே போன பிறகு வெளியே இழுப்பதும் கஷ்டம். சாய்வு சோபாவின் இயந்திரப் பகுதிக்குள் நுழைந்திருப்பது தெரியாமல் யாராவது சாய்ந்தால் அவ்வளவுதான். வாஷிங் மெஷினில் அழுக்குத் துணிக்குவியல் அதற்கு மெத்தை. பொத்தானை அழுத்துவதற்கு முன் கையை விட்டுத் துழாவும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வர வேண்டும். காற்றோட்டத் துளை, கழிவுநீர்க் குழாய், கதவுக்கும் சுவருக்கும் இடையிலான கீல் பக்கம் இவற்றை அடைத்து வையுங்கள். சமையலறை அதற்கு இல்லை. மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மொனெல்லா கிருமியை இகுவானா நோயே இல்லாமல் சுமக்கும். அது நடந்த மேடையில் காய் நறுக்குவது நல்லதல்ல.

என்னைக் கேட்டால், முழுச் சுதந்திரத்தைவிட ஒரு சிறிய அறையை அதற்கே விட்டுவிடுவது மேல். அங்கே உச்சியில் ஒரு அகலமான பலகை, மேலே விளக்கு, ஏறிப்போகச் சாய்வாக ஒரு கட்டை வைத்தால் மற்ற இடங்களில் ஒளியும் ஆசை பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டிலேயே நல்ல மறைவு எது என்று அது தேடித் திரிகிறது என்றால், நாம் கொடுத்தது போதவில்லை.

காணாமல் போய்விட்டது. எப்படித் தேடுவது?

முதலில் வெளிக்கதவு, ஜன்னல், கழிவறை மூடி எல்லாவற்றையும் சாத்துங்கள். கூப்பிட்டுக்கொண்டு எல்லோரும் ஓடினால் அது இன்னும் உள்ளே போகும். தரையைத் துழாவுவதற்கு முன் நாற்காலி போட்டு ஏறி மேலே பாருங்கள். எல்லோரும் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடும்போது அது தலைக்கு மேலேதான் இருக்கும். அசையாமல் இருக்கும் இகுவானாவின் உடம்பு கண்ணில் படாது, வால்தான் காட்டிக்கொடுக்கும். அலமாரி விளிம்பிலிருந்து தொங்கும் ஒரு வரிவால் நுனியைத் தேடுங்கள்.

பகலில் கிடைக்காவிட்டால் அறையை நன்றாகக் குளிரவிட்டு, அது பழகிய விளக்கை மட்டும் காலையில் வழக்கமான நேரத்துக்குப் போட்டு, பக்கத்தில் பிடித்த இலையை வையுங்கள். உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வெளியே வந்தே ஆகும். இரவில் டார்ச் அடித்துத் தேடினால் தூங்கும் இடத்திலேயே, ஓடத் தெம்பில்லாத குளிர்ந்த உடம்போடு, எளிதாகப் பிடிக்கலாம்.

கண்டுபிடித்ததும் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். வால் கழன்றுவிடும். இளசில் திரும்ப வளரும், ஆனால் பழைய நீளமும் வரியும் வராது. மறைவுக்குள் நகத்தை ஊன்றியிருந்தால் ஒவ்வொரு பாதமாக விடுவித்து, மார்புக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். பெரியதாக இருந்தால் மேலே ஒரு கனத்த துண்டைப் போட்டுக்கொள்வது உங்கள் கைக்கு நல்லது.

எங்கள் படுக்கையில் தூங்க விடலாமா?

வேண்டாம். சால்மொனெல்லா ஒரு பக்கம், நீங்கள் புரண்டு படுப்பது இன்னொரு பக்கம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வியே எழக் கூடாது.

பெண் இகுவானா கூண்டின் மூலையைப் பிறாண்டுகிறது, இரவிலும் தூங்காமல் அலைகிறது. ஒளிய இடம் தேடுகிறதா?

முட்டையிட இடம் தேடுகிறது. ஆணோடு சேராமலும் பெண் முட்டை வைக்கும். ஒரு ஈட்டில் 20-க்கு மேல் சாதாரணம், பெரிய பெண்ணுக்கு 60, 70 கூட வரும். வயிறு உப்பி, கால் மெலிந்து, தீனியைக் குறைத்துக்கொண்டு, கண்ட மூலையெல்லாம் தோண்டினால் அதுதான். அது முழுதாக உள்ளே நுழைந்து திரும்பும் அளவுக்கு ஒரு மூடிய பெட்டியில் ஈரமான மணலும் மண்ணும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் நிரப்பிக் கொடுங்கள். இருட்டாக இருக்க வேண்டும், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இடம் கிடைக்காமல் முட்டையை உள்ளேயே தேக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. தோண்டிக் களைத்துச் சோர்ந்து படுத்துவிட்டால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இரவு மின்சாரம் போய், காலையில் பார்த்தால் குளிர்ந்து விறைத்துக் கிடக்கிறது. கண்ணும் மூடியிருக்கிறது.

உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் இகுவானாவால் தசையை அசைக்க முடியாது. அமெரிக்காவின் புளோரிடாவில் மனிதரால் பரவிய பச்சை இகுவானாக்கள் ஏராளம். 2020 ஜனவரியில் கடுங்குளிர் வந்தபோது மரத்திலிருந்து இகுவானா விழக்கூடும் என்று மயாமியின் வானிலை அலுவலகமே மக்களை எச்சரித்தது. தூங்கும் கிளையில் பிடி தளர்ந்து விழுந்தவற்றில் பல, வெயில் ஏறியதும் எழுந்து போயின.

வீட்டில் அப்படி ஆனால் அவசரப்பட்டுச் சுடுநீரில் போடவோ விளக்குக்கு நேர் கீழே வைக்கவோ கூடாது. துண்டில் சுற்றி, முதலில் 25 டிகிரி அளவுள்ள அறையில் வைத்து, சில மணி நேரத்தில் மெதுவாகச் சூட்டைக் கூட்டுங்கள். சுடுநீர் பாட்டிலை வைப்பதானால் அதற்கும் துணி சுற்றி, உடம்பை நேராகத் தொடாமல் வையுங்கள். தானாகத் தலையைத் தூக்கும்வரை வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். எழுந்து விளக்குக்கு அடியில் போய் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தீனி. அடுத்த இரண்டு வாரம் மூச்சில் களகளவென்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். குளிர் பட்டதன் பலனாக நுரையீரல் தொற்று அப்புறம்தான் தலைகாட்டும்.